பதினாலு அட்டி

அவருக்குச் சங்கு என்று பெயர் வைத்தது பெற்றவர்கள் இல்லை. கூட வேலை செய்கிறவர்கள். ஆலையில் ஷிப்டு மாறும்போது ஊதுகிற சங்கு நாலு தெரு தாண்டிக் கேட்குமே, அப்படி ஒரு தொண்டை. சிமெண்டுக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தொண்டைதான் அவருக்குச் சோறு போடுகிறது. மூட்டையும் தூக்குவார். ஆனால் மூட்டை தூக்க ஆயிரம் பேர் வருவார்கள். கத்த ஆள் கிடைக்காது.

கத்துவது ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் ஒரு தடவை வந்து அட்டிக்குக் கீழே நின்று பார்க்கலாம். ஐம்பது கிலோ மூட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிய குவியலுக்கு அட்டி என்று பெயர். பதினாலு அடுக்கு போகும். கீழே குனிந்து நின்று முதுகில் வாங்குகிறவனுக்கு மேலே நடப்பது தெரியாது. மேலே நின்று தள்ளிக் கொடுக்கிறவனுக்கு அடிமூட்டை பிதுங்குவது தெரியாது. இரண்டும் தெரிகிற இடத்தில் ஒருத்தர் நிற்க வேண்டும். அங்கே சங்கு நின்றார். அட்டி விரற்கடை அளவு வயிறு தள்ளினால் போதும், அவர் வாயிலிருந்து வரும்:

"மேல உள்ளத எறக்கு! அடியில நசுங்குது!"

அது காதில் விழுந்தால் அட்டியில் வேலை செய்கிற ஆறு பேரும் யோசிக்க மாட்டார்கள். கை தானாகப் போகும். மேலே எது இருக்கிறதோ அது கீழே வரும். யோசித்தவன் ஒருத்தன் முன்பு இருந்தான். இப்போது பேருந்து நிலையத்தில் ஒற்றைக் காலோடு உட்கார்ந்து பூட்டு ரிப்பேர் செய்கிறான்.

கிடங்கின் பின்சுவரும் பேச்சுரிமைப் பேணல் வாரியத்தின் பின்சுவரும் ஒரே சுவர். அதுதான் வினை. வாரியத்துக்கு ஏழு மாடி. மக்கள் அச்சமின்றிப் பேச வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்ட கட்டடம். உள்ளே சுவருக்குச் சுவர் 'சத்தம் போடாதீர்' என்று எழுதி வைத்திருப்பார்கள்.

அன்றைக்கு வாரியத்தில் புது அரங்கத் திறப்பு. தலைவர் ஒன்றரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்; மீதிப் பேர் தூங்கியவர்களைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் இரண்டு கைகளையும் விரித்து, "இன்றைக்கு இந்த நாட்டுக்கு அவசரமாகத் தேவைப்படுவது என்ன?" என்று கேட்டு, பதில் வரப்போவதுபோல ஒரு நிமிஷம் நிறுத்தினார். நிறுத்தியிருக்கக் கூடாது. சுவருக்கு மேலிருந்த காற்றுத் துவாரம் வழியாகப் பதில் வந்தது.

"மேல உள்ளத எறக்கு! அடியில நசுங்குது!"

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. தூங்கியவர்கள்கூட என்னவென்று கேட்டுவிட்டு, தெரிந்ததும் மறுபடி தட்டினார்கள்.

கத்தியதையாவது மன்னித்திருப்பார்கள். கைதட்டலை மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலை வாரியத்துப் பியூன் நோட்டீசோடு வந்தான். 'மேற்படி வாக்கியத்தையோ, அதை ஒத்த வாக்கியத்தையோ, அதை நினைவூட்டும் ஓசையையோ விசாரணை முடியும்வரை எழுப்பலாகாது' என்று இருந்தது. கீழே சிறு எழுத்தில், 'தங்கள் பேச்சுரிமையைப் பாதுகாப்பதில் வாரியம் பெருமை கொள்கிறது'.

கிடங்கு மேஸ்திரி அதை மூன்று தரம் படித்தார். "யோவ் சங்கு, அப்ப நீ கத்தலைன்னா அட்டி சாயறது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கையை ஆட்டறேன் மேஸ்திரி."

ஆட்டினார். முதல் இரண்டு நாள் அந்த ஆறு பேரும் வேலையைவிட அவரைப் பார்த்துச் சிரிப்பதே அதிகமாக இருந்தது. கல்யாண வீட்டுப் பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி ஆட்டுகிறார் என்றான் ஒருவன். குனிந்து நிற்கிறவனுக்குக் கை எங்கே தெரியும்? மூன்றாம் நாள் ஒரு மூட்டை நழுவியது. கீழே நின்றது சங்கின் மச்சான், பெண்டாட்டியின் கூடப் பிறந்த தம்பி. நோட்டீசை நினைத்து சங்கு வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார். வாயைப் பொத்தாமல் இருந்திருந்தால் மூட்டை தரையில் விழுந்திருக்கும். மச்சானின் இடது கால் விரல் இரண்டு நசுங்கிப் போயிற்று.

ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் இடத்தில் வேலை பார்க்கிற அவர் பெண்டாட்டி ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"ஏங்க, ஒரு வார்த்தை கத்தறதுக்கு என்னங்க? எதுக்கெடுத்தாலும் வீட்ல கத்துவீங்களே!"

"நோட்டீஸ் குடுத்திருக்காங்கடி."

"வீட்ல நீங்க கத்தறதுக்கும் ஒரு நோட்டீஸ் வாங்கிட்டு வந்துடுங்க, வீடு நிம்மதியா இருக்கும். இல்ல, என் தம்பியோட மிச்ச எட்டு விரல் இருக்கறப்பவே போய் உங்க தொண்டையைத் திருப்பி வாங்கிட்டு வாங்க."

மேஸ்திரியும் கறாராகச் சொல்லிவிட்டார். "திங்கக்கிழமை சரக்கு ஏத்த எழுபது லாரி வருது. உன் குரல் இல்லாம எவனையும் அட்டிக்குக் கீழ விடமாட்டேன். உத்தரவோட வா. இல்லன்னா நீயும் வராத, உன் மச்சானும் வர வேணாம்."

புதன்கிழமை சங்கு சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வாரியத்துக்குப் போனார்.

வாசலில் காவலாளி உதட்டில் விரலை வைத்து, "மெதுவா மூச்சு விடுங்க" என்றார். முதல் கவுண்டரில் இருந்த எழுத்தரம்மா எட்டுப் பக்க விண்ணப்பத்தைத் தள்ளினார்.

"உங்க கருத்து என்ன காரணத்தின் கீழ வருது?"

"கருத்தெல்லாம் இல்லம்மா. நான் லோடுமேன்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. காரணப் பிரிவுக்குப் போங்க. மாடிப்படிக்குக் கீழ."

வாரியத்தில் இரண்டு பிரிவு. மனுஷன் ஏன் பேச வேண்டும் என்று சொல்வது காரணப் பிரிவு. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்வது வரம்புப் பிரிவு. வரம்புப் பிரிவுக்கு மூன்றாம் மாடி முதல் ஏழாம் மாடிவரை, லிப்டு உண்டு. காரணப் பிரிவு மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் வாளியும் வைக்கிற இடத்தில் ஒரு மேஜை. அங்கிருந்த அதிகாரி சங்கைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"உட்காருங்க, உட்காருங்க! பதினோரு வருஷத்துல நீங்கதான் முதல் ஆள். வாளியைத் திருப்பிப் போட்டு உட்காருங்க."

சங்கு வாளியில் உட்கார்ந்தார். அதிகாரிக்குக் கண் கலங்கியது.

"மனுஷன் ஏன் பேசணும்? யோசிச்சிருக்கீங்களா? உண்மையைக் கண்டுபிடிக்கத்தான். உண்மையையும் பொய்யையும் மோத விடணும். கடைசியில உண்மை ஜெயிக்கும்."

"எத்தனை நாள்ல ஜெயிக்கும்?"

"நூறு வருஷம் ஆகலாம். இருநூறும் ஆகலாம்."

"எனக்கு அரை நொடிதாங்க இருக்கு. அதுக்குள்ள மூட்டை வந்துடும்."

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "இதைச் சந்தையா நினைச்சுப் பாருங்க. கருத்துகளோட சந்தை. அவனவன் தன் கருத்தைக் கொண்டு வந்து இறக்குவான்..."

"யாரு இறக்குவாங்க? அவனேவா, இல்ல லோடுமேன் இருக்கானா?"

"அதை யாரும் எழுதி வைக்கலை," என்றார் அதிகாரி, முகம் சுருங்கி. பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, பேசும்போது உங்களுக்கு உள்ள ஏதோ மலர்ற மாதிரி இருக்குமா? ஆளுமை மலர்ச்சின்னு ஒரு காரணம் இருக்கு. ரொம்ப நல்ல காரணம். யாரும் கேக்கறதில்ல."

"தொண்டை கட்டும்."

"மலராது?"

"சுக்கு வெந்நி குடிச்சா சரியாயிடும்."

அதிகாரி தலையில் கை வைத்தார். மக்கள் பேசினால்தான் ஆள்கிறவர்களுக்குத் தப்பு தெரியும் என்று ஒரு காரணம் இருந்தது. அதையும் சொன்னார். சங்கு, தனக்கு மேலே ஆள்கிறவர் மேஸ்திரி ஒருத்தர்தான் என்றும் அவருக்கு எல்லாத் தப்பும் தெரியும் என்றும் சொன்னார்.

"கடைசியா ஒண்ணு. வெளிய சொல்லாதீங்க. அரசாங்கத்துக்கு ரொம்பப் பிடிச்ச காரணமே இதுதான். குக்கர்ல விசில் வருதில்ல? அந்த மாதிரி. ஜனங்களைக் கத்த விட்டுட்டா ஆவி போயிடும். அப்புறம் மேல உள்ளது மேலயே பத்திரமா இருக்கும்."

"நான் கத்தினா அது கீழ வந்துடுங்களே."

"அதுதான் உங்க கேஸ்ல சிக்கல்."

"சார், அடியில ஒருத்தன் நசுங்கறான். அதனால கத்தறேன். அவ்வளவுதான் காரணம்."

அதிகாரி பட்டியலை மேலிருந்து கீழேயும் கீழிருந்து மேலேயும் விரலால் தடவிப் பார்த்தார். "நசுங்கறது பட்டியல்ல இல்லீங்க," என்றார் உண்மையான வருத்தத்தோடு. "பெரிய பெரிய ஆளுங்க யோசிச்சு எழுதின பட்டியல். அவங்க யாரும் நசுங்கலை போல." கடைசியில் எல்லாக் கட்டத்திலும் ஒரு டிக் போட்டு, சங்கின் கையைப் பிடித்துக் குலுக்கி, நேரம் கிடைத்தால் சும்மாவாவது வந்து போகும்படி கேட்டுக்கொண்டார்.

மூன்றாம் மாடியில் லிப்டு திறந்ததும் சங்குக்குக் கால் கூசியது. தரையெல்லாம் கம்பளம். நாற்பது மேஜை. ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு வரம்பு. ஒருவர் அவதூறு, ஒருவர் ஆபாசம், ஒருவர் பொது அமைதி, ஒருவர் அண்டை நாட்டு நட்பு. ஜன்னலோரம் ஒருவர் மட்டும் எதுவும் எழுதாத பலகையோடு உட்கார்ந்திருந்தார். இனிமேல் வரப்போகிற வரம்புகளுக்கு அவர் பொறுப்பு.

தலைமை வரம்பு அதிகாரி சங்கை அன்பாக வரவேற்றார்.

"முதல்ல ஒண்ணு தெளிவா புரிஞ்சுக்கோங்க. இங்க பேச்சுக்குத் தடையே கிடையாது. நீங்க எது வேணாலும் பேசலாம். என்ன பேசக்கூடாதுன்னு மட்டும் நாங்க சொல்வோம். நீங்க சொன்ன வாக்கியம் உண்மையா?"

"சத்தியமா உண்மைங்க. அடிமூட்டை பிதுங்கிச்சு."

"அட்டி சரிஞ்சுதா?"

"சரியலைங்க. கத்தினேன், மேல உள்ளத எறக்கிட்டாங்க."

"ஆக, சரியலை." எழுதிக்கொண்டார். "நடக்காத ஒண்ணைச் சொல்லி பீதி கிளப்பியிருக்கீங்க."

"கத்தலைன்னா சரிஞ்சிருக்கும் சார்!"

"சரிஞ்சிருந்தா நீங்க சொன்னது உண்மை. நானே வந்து கை குடுத்திருப்பேன்."

"ஆள் செத்திருப்பானே?"

"உண்மைக்கு ஒரு விலை உண்டில்லையா?" அதிகாரி தேநீரை உறிஞ்சினார். "அடுத்தது. உங்க பேச்சைக் கேட்டு யாராவது உடனடியா ஏதாவது செஞ்சாங்களா?"

"ஆறு பேரும் செஞ்சாங்க. யோசிக்கவே இல்ல."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். நாற்பது மேஜையிலும் தலை நிமிர்ந்தது. "யோசிக்கவே இல்லையா? தம்பி, என் சர்வீஸ்ல எத்தனையோ தூண்டுதல் கேஸ் பார்த்திருக்கேன். மேடை போட்டு மூணு மணி நேரம் முழங்குவாங்க, கேட்டவன் வீட்டுக்குப் போய் சாப்பிட்டுத் தூங்கிடுவான். சொன்ன உடனே செய்யறது... இது பாடப் புத்தகத்துல போட வேண்டிய கேஸ்."

பாராட்டுகிறார் என்று நினைத்து சங்கு, "ஏதோ உங்க ஆசீர்வாதம்" என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

இனிமேல் கத்த வேண்டுமென்றால் என்ன வழி என்று சங்கு கேட்டார். ரொம்பச் சுலபம் என்றார் அதிகாரி. கத்தப்போகும் வாக்கியத்தை மூன்று பிரதிகளில், மூன்று வேலை நாளுக்கு முன்னால் கொடுக்க வேண்டும்.

"அட்டி சாயப்போறது மூணு நாள் முன்னாடி எப்படிங்க தெரியும்?"

"அட்டிகிட்ட கேளுங்க. அதை நாங்க தடுக்கலையே."

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தோடு மறுபடி கீழே எழுத்தரம்மாவிடம் வந்தார். அந்தம்மா கேள்வியைப் படித்தார். எந்தக் காலத்திலோ எந்தப் பண்டிதரோ எழுதிய கேள்வி.

"மேற்கண்ட நடைமுறையில் தங்களுக்கு அட்டி ஏதும் உண்டா?"

அன்றைக்கு முழுக்க அந்தக் கட்டடத்தில் சங்குக்குப் புரிந்த முதல் கேள்வி அதுதான். முகம் மலர்ந்தது.

"உண்டும்மா!"

அந்தம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே இதுவரை எல்லாரும் 'இல்லை' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். "எத்தனை?"

"பதினாலு அடுக்கு."

"பதினாலா?"

"மழைக்காலம்னா பத்தோட நிறுத்திக்குவோம். ஈரத்துல தாங்காது."

"இந்த அட்டியெல்லாம்... நீங்க ஒருத்தரே எழுப்பினதா?"

"ஒருத்தரால ஆகுமாம்மா? ஆறு பேர் சேர்ந்து எழுப்பினது. நான் நின்னு கத்துவேன், அவங்க ஏத்துவாங்க. அசைச்சுப் பாருங்க, கல்லு மாதிரி நிக்கும்."

எழுத்தரம்மா ஒரு வார்த்தை விடாமல் எழுதினார்: 'விண்ணப்பதாரருக்குப் பதினான்கு ஆட்சேபணைகள் உண்டு. அறுவர் அடங்கிய குழு கூட்டாக எழுப்பியவை. அசைக்க முடியாதவை எனச் சவால் விடுகிறார். மழைக்காலத்தில் பத்தாகக் குறைத்துக்கொள்ளச் சம்மதம்.'

அரைமணி நேரத்தில் ஏழு மாடியும் பரபரத்தது. ஒரே ஓர் ஆட்சேபணை வந்தாலே அதை ஆறு மாதம் உட்கார்ந்து அலசுகிற வாரியம் அது. பதினாலு என்றால் தலைவரே நேரில் விசாரிக்க வேண்டும் என்று விதி. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு விசாரணை. ஆறு பேரும் சாட்சிக்கு வர வேண்டும்.

சனிக்கிழமை அந்த ஆறு பேரும் சீவிய தலையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மச்சான் காலில் கட்டோடு, செருப்பைக் கையில் வைத்திருந்தான். மூட்டை விழுந்த தழும்புக்குப் பஞ்சமில்லாத உடம்புகள். அந்த மெத்தை நாற்காலியில் எப்படி உட்காருவது என்று தெரியாமல் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தார்கள்.

அரங்கத்தில் மேடை. மேடையின் மேல் இன்னொரு மேடை. அதன் மேல் தலைவரின் நாற்காலி. அதற்கு நேர் கீழே, இரண்டு மேடைக்கும் நடுவிலிருந்த சந்தில், முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தார் சுருக்கெழுத்தர். தலைவர் காலை ஆட்டும்போதெல்லாம் அவர் தலை இடிபடும். பதவி உயர்வு கிடைத்தால் ஓரமாக உட்காரலாம் என்று பதினெட்டு வருஷமாகக் காத்திருக்கிறார்.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பேச்சுரிமை காற்றைப் போன்றது. காற்று இல்லாமல் நாம் வாழ முடியாது. ஆகவேதான் இந்தக் கட்டடத்தில் ஜன்னல்களை எல்லாம் மூடி வைத்திருக்கிறோம், உள்ளே இருப்பது வெளியே போய்விடக் கூடாதே என்று. நான் முப்பது வருஷமாகப் பேச்சுரிமையைப் பற்றிப் பேசி வருகிறேன். ஒருத்தர்கூட என்னைத் தடுத்ததில்லை. இதைவிட என்ன சான்று வேண்டும்? நேற்றுக்கூட என் டிரைவர் ஏதோ சொல்ல வந்தான். பேசாமல் வண்டியை ஓட்டு, உன் உரிமைக்காகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்றேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது."

மச்சான் சங்கின் காதில், "மாமா, இவருக்கு நோட்டீஸ் குடுக்க ஆளில்லையா?" என்று கேட்டான்.

"சும்மா இருடா மாப்ளே. தொண்டையை வாங்கிட்டுக் கெளம்பிடலாம்."

தலைமை வரம்பு அதிகாரி எழுந்தார். வழக்குக்குக் காரணமான வாக்கியத்தைச் சபையில் படிக்க வேண்டும் என்றார். படிக்கலாமே என்றார் தலைவர். அங்கேதான் முட்டிக்கொண்டது. சங்கு சொல்லக் கூடாது, அவருக்குத் தடை. எழுத்தரம்மா படிக்கக் கூடாது. திருப்பிச் சொல்வதும் குற்றம் என்று விதி. வரம்பு அதிகாரி வாயைத் திறக்கவே மறுத்துவிட்டார். ஓய்வுக்கு நாலு மாதம்தான் இருக்கிறதாம். எந்தச் சொல்லையும் சொல்ல அதிகாரம் உள்ளவர் ஒருத்தர்தான் அந்தக் கட்டடத்தில் இருந்தார்.

தலைவர் காகிதத்தை வாங்கி, மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல முணுமுணுத்தார். "மேல உள்ளத எறக்கு. அடியில நசுங்குது."

முன்வரிசையில் அந்த ஆறு பேரின் விரல்களும் லேசாகத் துடித்தன. சங்கு அதைக் கவனித்துவிட்டார்.

"ஐயா, வேணாம்யா. அதை இதுக்கு மேல சத்தமா..."

"குறுக்கே பேசாதீர்!" என்றார் தலைவர்.

வரம்பு அதிகாரி தயங்கித் தயங்கி, "ஐயா, விதிப்படி சொல்லை மட்டும் பார்த்தா போதாது. சொன்ன தொனி, சத்தம் எல்லாத்தையும் எடை போடணும். சம்பவத்தன்னைக்கு வந்த மாதிரியே..." என்றார்.

தலைவருக்கு உள்ளூர ஓர் ஆசை கிளம்பியது. முப்பது வருஷம் பேசியும் எழுந்து நின்று தட்டிய கை ஒன்றுகூட அவருக்குக் கிடைத்ததில்லை. அன்றைக்கு இந்த வாக்கியத்துக்குத்தானே கிடைத்தது? எழுந்தார். மார்பு நிறைய மூச்சை இழுத்தார்.

"மேல உள்ளத எறக்கு! அடியில நசுங்குது!"

நல்ல குரல். சங்கே மெச்சிக்கொண்டார். அதற்கு மேல் மெச்ச நேரமில்லை. ஆறு பேரும் நாற்காலியில் இல்லை.

இருவர் மேல் மேடையில் இருந்தார்கள். இருவர் கீழ் மேடையில். ஒருவன் பக்கவாட்டில் தோள் கொடுத்தான். மச்சான் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே கீழே போய்க் குனிந்து முதுகைக் காட்டினான். தலைவர் கத்திவிட்டு உட்கார்ந்த வாக்கில் நாற்காலியோடு கிளம்பி, தோள் மாறி, முதுகு மாறி, தரைக்கு வந்து சேர்ந்தார். ஒரு சிராய்ப்பு கிடையாது. ஐம்பது கிலோ மூட்டையைக் கிழியாமல் இறக்குகிற கைகள் அவை. தொண்ணூறு கிலோ என்பதால் கொஞ்சம் கூடுதல் கவனம் எடுத்துக்கொண்டார்கள். இறக்கி வைத்ததும் பழக்கதோஷத்தில் ஒருவன் அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டித் தூசியை உதறினான்.

அதன் பிறகுதான் அவர்களுக்கு, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று உறைத்தது. ஆறு பேரும் திருதிருவென்று விழித்தார்கள்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. மேடைச் சந்திலிருந்து சுருக்கெழுத்தர் வெளியே வந்து, முதுகை நிமிர்த்திச் சொடக்கு எடுத்தார். "அப்பாடா," என்றார். அதையும் குறிப்பில் எழுதினார்.

"பிடிங்க அவங்களை!" என்று தலைவர் தரையிலிருந்து கத்தினார். "யார் இதுக்குப் பொறுப்பு?"

வரம்பு அதிகாரி ஏற்கெனவே படிவத்தை எடுத்து நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் கையும் தானாகப் போகிற கைதான். "சொல், உண்டு. சத்தம், உண்டு. உடனடிச் செயல், உண்டு. பொது ஒழுங்குக்குக் கேடு, உண்டு." நிமிர்ந்தார். முகம் பேயறைந்ததுபோல இருந்தது. "ஐயா, எல்லாக் கட்டத்துலயும் டிக் விழுது. விதிப்படி செஞ்சவங்க பொறுப்பில்ல. சொன்னவர்தான் பொறுப்பு."

"சொன்னவர் யார்?"

மச்சான் மட்டும், பாவம் மறந்துவிட்டாரோ என்று நினைத்து, "நீங்கதாங்க" என்றான் ஆதரவாக.

"மூணு வருஷத்துக்குக் குறையாத தண்டனை," என்றார் வரம்பு அதிகாரி, அடக்க முடியாத துறைப் பெருமையோடு.

தலைவர் கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். அத்தனை பக்கத்தில் அவர் தரையைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். பிறகு சுருக்கெழுத்தரை அழைத்து உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். வாய் முந்தியா மூளை முந்தியா என்கிற வேகத்தில்.

"மேற்படி வாக்கியத்தில் எந்தக் கருத்தும் இல்லை. இது தொழில் சார்ந்த வெறும் ஓசை. கருத்து இல்லாததால் இதற்கு வரம்பும் இல்லை. ஆகவே இதை யாரும், எங்கும், எந்த நேரத்திலும், எவ்வளவு உரக்கவும் எழுப்பலாம். எழுப்பிய எவர் மீதும், நன்றாக எழுதிக்கொள், எவர் மீதும், எந்த நடவடிக்கையும் கூடாது." முத்திரையை அவரே வாங்கிக் குத்தினார். பிறகு ஞாபகம் வந்து, "அந்தப் பதினாலு அட்டி?" என்றார் கவலையோடு.

"திங்கக்கிழமை பிரிச்சிடுவோங்க," என்றார் சங்கு.

"எல்லாத்தையுமா?"

"லாரி வந்துட்டா ஒரு மணி நேரத்துல ஒண்ணுகூட நிக்காது."

'விண்ணப்பதாரர் ஆட்சேபணைகளை விலக்கிக்கொண்டார். போக்குவரத்து வசதிக்கு உட்பட்டு' என்று எழுதி வழக்கை முடித்தார்கள்.

மேஸ்திரிக்குக் காட்ட ஒரு பிரதி வேண்டுமே என்று சங்கு எதிரேயிருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரர் காகிதத்தை மிஷினில் வைக்கப் போனவர், நின்று படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

"அண்ணே, யாரும், எங்கும்னு போட்டிருக்கே?"

"ஆமா."

"அந்த யாரும்ல நான் வருவேனா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. கெடங்குக்கு வாங்கினது."

"எனக்கு ஒண்ணு எடுத்துக்கறேண்ணே. கட்டட ஓனர்கிட்ட ஒரு விஷயமாப் பேச வேண்டியிருக்கு."

சங்கின் பெண்டாட்டி சாயங்காலமே பத்துப் பிரதி எடுத்து ஆஸ்பத்திரித் துணிகளோடு அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கடையில் காகிதம் தீர்ந்துபோய், கடைக்காரர் பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை வாரியத்தின் வாசலில் கூட்டம் நின்றது. நர்சுகள், பஸ் கண்டக்டர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், கழுத்து அளவு நாடாவைக் கழற்றாத தையற்காரர் ஒருவர். எல்லார் கையிலும் முத்திரை போட்ட உத்தரவு. ஒரு கருத்தும் இல்லாத அந்த வாக்கியத்தை, ஒரு கருத்தும் இல்லாமல், அடிவயிற்றிலிருந்து கத்தினார்கள். கலைக்க வந்த போலீஸ்காரர் காகிதத்தை வாங்கிப் படித்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். தனக்கு ஒரு பிரதி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். காரணப் பிரிவு அதிகாரி வாளியோடு வெளியே வந்து, அதைக் கவிழ்த்து மேலே ஏறி நின்று, தனக்குள் ஏதோ மலர்வதாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

கிடங்கில் மேஸ்திரி உத்தரவைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, சங்கை அவருடைய இடத்தில் நிற்க வைத்தார். மச்சான் கட்டுப் போட்ட காலைச் சாக்குக்குள் விட்டுக்கொண்டு கீழே குனிந்தான். சங்கு தொண்டையைச் சரிசெய்து வாயைத் திறந்தார். திறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் ஆயிரம் தொண்டை கத்தியது.

ஆறு பேரின் கையும் கிளம்பிவிட்டது. முதல் லாரி ஐந்து நிமிஷத்தில் நிரம்பியது. இரண்டாவது அதற்குள். கூட்டம் கத்தக் கத்த அட்டியிலிருந்து மூட்டை இறங்கி லாரி ஏறியது. மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை; எழுபது லாரியும் மத்தியானத்துக்குள் முடிந்து, பழைய பதினாலு அடுக்கு அட்டியும் பிரிந்து, கிடங்கே ஆடுகளம் மாதிரி வெறிச்சென்று கிடந்தது. சங்கு ஒரு வார்த்தை பேசவில்லை. மச்சான் மேல் ஒரு தூசு விழவில்லை.

வெளியே இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"மாமா," என்றான் மச்சான், துடிக்கிற கையை அக்குளில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு. "நிறுத்த மாட்டேங்கறாங்களே. கை நிக்க மாட்டேங்குது. மேல ஒண்ணுமே இல்லையே, இன்னும் எதை எறக்கறது?"

மற்ற ஐந்து பேரும் கிடங்கின் கூரையைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லைதான்.

சங்கு மெதுவாக வாசலுக்கு வந்தார். தெருவைப் பார்த்தார், கட்டடத்தைச் சுற்றி இந்தத் தெருவரை வழிந்துவிட்ட கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தின் தலைக்கு மேல் கட்டடம் ஏறிக்கொண்டே போயிற்று: காரணப் பிரிவு, கவுண்டர், மூன்று, நாலு, ஐந்து, ஆறு. ஏழாம் மாடியில் ஒரு ஜன்னல் விரற்கடை திறந்து, உள்ளிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். சங்கு தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடி, இருபத்திரண்டு வருஷமாக அட்டியை அளக்கிற அதே பார்வையால் அந்த ஏழு அடுக்கையும் அடியிலிருந்து நுனிவரை அளந்தார். அடி நன்றாகப் பிதுங்கியிருந்தது.

"இருக்குடா மாப்ளே," என்றார். "ஏணியை எடு."